துளசிராமனின் மேலுதடு

பயந்துவிடாதீர்கள் அக்கா, இவன் உங்களைப் பார்த்து அழவில்லை. கண்டக்டரின் மீசையைப் பார்த்து அழுகிறான். டேய் செழியா, அவர் டிக்கெட் கொடுக்க வந்தார்டா, உன்னைத் தூக்கிக்கொண்டு போக வரவில்லை. பார்த்தீர்களா, அவர் பின்பக்கம் போனதும் நிறுத்திவிட்டான், ஸ்விட்சை அணைத்த மாதிரி. மீசையைக் கண்டால் அலறுவான், மீசை நகர்ந்துவிட்டால் சிரிப்பான். பதினோரு மாதக் குழந்தைக்கு இவ்வளவு கொள்கை ஆகாது.

வேண்டாம் அக்கா, நானே வைத்துக்கொள்கிறேன். கனமெல்லாம் இல்லை. தப்பாக நினைக்காதீர்கள், இவனை நான் யார் கையிலும் கொடுப்பதில்லை. என் அம்மா குளிப்பாட்டினால்கூடப் பக்கத்தில் துண்டோடு நின்றுகொண்டே இருப்பேன். அம்மா திட்டுவாள். பயம் என்று நினைக்காதீர்கள். நான் கான்வென்ட்டில் படித்தவள், எனக்குப் பயமெல்லாம் கிடையாது. ஜாக்கிரதை, அவ்வளவுதான்.

காட்பாடி ஸ்டேஷனுக்கு. இவன் அப்பா லீவில் வருகிறார். மிலிட்டரி. நீங்களும் ஸ்டேஷனுக்கா? நல்லதாகப் போயிற்று, துணை ஆயிற்று. துணை எனக்கு இல்லை, இவனுக்கு.

என்ன கேட்டீர்கள்? ஓ, சிலையா! ஏறும்போதே பார்த்துவிட்டீர்களா? எங்கள் நெல்லிமரப்பட்டு நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். ரேஷன் கடைக்கு எதிரே ஒரு தூண், தூணுக்குப் பக்கத்தில் மார்பளவுக்கு ஒரு ஜவான் சிலை, பச்சைச் சட்டை, தொப்பி, எல்லாம் சரியாக இருக்கிறது, மேலுதட்டுக்கு மேலே மட்டும் ஏன் வெள்ளையாகத் திட்டு? பெயின்ட் தீர்ந்துபோயிற்றா? பால் குடித்துவிட்டுத் துடைக்க மறந்துவிட்டாரா? இப்படி ஆளுக்கொன்று கேட்பார்கள்.

அது என் அப்பா, அக்கா. சிப்பாய் கோ. துளசிராமன். கார்கில் சண்டையில் போனவர். ஐயோ, முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள், அப்போது எனக்கு எட்டு மாதம், எனக்கு ஒன்றுமே தெரியாது. அந்த வெள்ளைத் திட்டுக்குப் பெரிய கதை இருக்கிறது. காட்பாடி வர நேரமிருக்கிறது, சொல்கிறேன். சிரிப்பான கதைதான்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் மிலிட்டரி. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அப்படி. அந்தத் தூணில் மேலேயிருந்து வரிசையாகப் பெயர்கள் இருக்கும். பஸ்ராவுக்குப் போனவர்கள், பர்மாவுக்குப் போனவர்கள், அப்புறம் நம்முடைய சண்டைகள். கடைசிப் பெயர் அப்பாவுடையது. அதற்குக் கீழே ஒரு கையகலம் வெறும் கல்லாக விட்டிருந்தார்கள். எதற்கு விட்டார்கள் என்று தெரியாது. நான் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. பயத்தினால் இல்லை, அந்த இடத்தில் வெயில் கண்ணில் அடிக்கும்.

அப்பா உயிர்த்தியாகம் செய்தவர் என்பதால் எனக்குக் கான்வென்ட்டில் இலவச இடம் கொடுத்தார்கள். இலவசம் என்றால் சும்மாவா? ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்துக்கும் நான்தான் மேடையில் பேச வேண்டும். சிஸ்டர் ஃபிலோமினா இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பார்கள், நான் மனப்பாடம் செய்து ஒப்பிப்பேன். என் அப்பா தனி ஆளாகப் பனிமலை ஏறினார், கொடியை நட்டார், மீசையை முறுக்கிக்கொண்டே உயிரை விட்டார். மீசையை முறுக்குகிறது சிஸ்டர் எழுதியது இல்லை, நான் சேர்த்தது. ஏனென்றால் வீட்டில் மாலை போட்டிருக்கிற போட்டோவில் அப்பாவுக்கு அப்படி ஒரு மீசை. இரண்டு தேள்களை மூக்குக்குக் கீழே ஒட்டவைத்த மாதிரி. அதைச் சொல்லும்போது நானும் இல்லாத மீசையை முறுக்கிக் காட்டுவேன், கூட்டம் கை தட்டும். அம்மா முதல் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள், தோள் குலுங்கும். அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் இன்னும் சத்தமாகப் பேசுவேன்.

போன வருஷம்தான் கேட்டேன், “ஏம்மா அப்படி அழுவ?” என்று.

“அழுவறதா? சிரிச்சினு இருந்தேன்டி. உங்கப்பா லாரி ஓட்டுனாரு. மலைக்கு உருளைக்கெழங்கும் வெங்காயமும் கெரசினும் ஏத்தினு போவாரு. நீ சொல்ற ஆளு யாரோ, எங்கியோ பாத்த மாரி கீதேன்னு யோசிச்சினே உக்காந்திருப்பேன்.”

அம்மா பெயர் அம்சவேணி. சத்துணவுக் கூடத்தில் வேலை. அத்தனை பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறவள் என்பதால் குரல் கொஞ்சம் பெரியதாக இருக்கும். ஊரில் யாருக்கும் அவளை எதிர்த்துப் பேசப் பிடிக்காது.

இந்த ஆகஸ்ட்டில்தான் எல்லாம் நடந்தது. ரிட்டயர்டு சுபேதார் முனிரத்தினம் மாமா முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துத் தலைவர். கடைசியாகப் போன ஜவானுக்குச் சிலை வைப்போம் என்று ஊரில் எல்லாரிடமும் வசூல் செய்து, சிற்பியிடம் சொல்லி, சிமென்ட்டில் சிலை ரெடி. அதே சமயம் இவன் அப்பாவும் லீவில் வந்திருந்தார். அவர் பெயர் தேவேந்திரன். பெயரைச் சொல்லக் கூடாதாம், சொல்லிவிட்டேன், போகட்டும். நல்ல மீசை அவருக்கு. பெண் பார்க்க வந்தபோது நான் முகத்தையே பார்க்கவில்லை, மீசையைத்தான் பார்த்தேன், சரி என்று சொல்லிவிட்டேன்.

இவன் பிறந்தபோது வந்தவர், அப்போது இவன் எந்நேரமும் தூங்கிக்கொண்டே இருந்தான். ஆகஸ்ட்டில் வரும்போது இவனுக்கு ஏழு மாதம். பையை வாசலில் வைத்தார், “டேய் சின்னவரே” என்று கையை நீட்டினார். எடுத்தான் பாருங்கள் ஒரு அலறல்! பக்கத்துத் தெரு நாயெல்லாம் பதில் சொல்லிற்று.

அவரும் என்னென்னவோ செய்து பார்த்தார். வாயில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வந்தார், கொள்ளைக்காரன் மாதிரி. அதற்கு இன்னும் சத்தமாக அழுதான். முதுகைக் காட்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்து வந்து உட்கார்ந்தார். முதுகு இவனுக்கு ரொம்பப் பிடித்தது. முதுகில் சாய்ந்துகொண்டு விளையாடுவான். அவர் திரும்பினால் போயிற்று. எல்லையில் துப்பாக்கியோடு நிற்கிற மனுஷன், நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஹேமா, பேசாம எடுத்துடறேன். மீசைதான, திரும்ப வளரும்” என்றார்.

“உங்கப்பா இருக்கும்போதா? ஊரே பேசும்” என்றேன். உங்கள் பக்கமும் அப்படித்தானே அக்கா? எங்கள் ஊரில் பெற்றவர் போனால்தான் ஆண்பிள்ளை மீசையை எடுப்பான். சும்மா எடுத்தால் வீட்டில் சாவை வரவழைக்கிற மாதிரி. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மீசை இல்லாமல் அவரைப் பார்க்க நன்றாக இருக்காது, அதனால் சொன்னேன்.

இந்த நிலைமையில் சிலை வந்து இறங்கியது. குட்டியானை வண்டியில் வைக்கோலும் சாக்கும் சுற்றி வந்தது. ஊரே தூணைச் சுற்றிக் கூடியிருந்தது. முனிரத்தினம் மாமா சாக்கை விலக்கினார். அடேயப்பா! போட்டோவில் இருந்தது தேள் என்றால் இது நண்டு. கன்னம் வரைக்கும் ஓடிப்போய் அங்கே வளைந்து நிற்கிறது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் விசிலே அடித்தேன்.

அம்மா முன்னால் வந்து நின்று ஏற இறங்கப் பார்த்தாள். “யாரு இது?” என்றாள்.

“இன்னா அம்சவேணி, தெரிலயா? உன் வூட்டுக்காரன்தான்” என்றார் முனிரத்தினம் மாமா.

“எங்க வூட்டுக்காரருக்கு மீசை கெடையாது.”

“போட்டோவுல கீதே!”

“போட்டோவுல இருந்துட்டுப் போட்டும். அது வூட்டுக்குள்ள கீது, பாத்தா பாக்கறேன் இல்லன்னா இல்ல. இது ரோட்டுல நிக்கப்போவுது. தெனம் ரேஷன் கடைக்குப் போறப்போ நான் வேற ஆம்பள மூஞ்சியப் பாத்துக்கினு போவணுமா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாமாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் விடவில்லை. “மீசை இல்லாத ஜவான எங்கனா பாத்துக்கிறியா? வெளியூர்க்காரன் பாத்தா, இன்னாடா வாத்தியாருக்குச் செலை வச்சிக்கிறானுங்கன்னு கேப்பான்.”

நான் யார் பக்கம் பேசினேன் என்று நினைக்கிறீர்கள்? மாமா பக்கம்தான். “அம்மா, சும்மா இரும்மா. அந்த மீசைதாம்மா அப்பா” என்றேன். பின்னே? எத்தனை ஆகஸ்ட் பதினைந்து அந்த மீசையை நான் முறுக்கியிருக்கிறேன்!

அம்மா என்னைப் பார்த்தாள். என் இடுப்பில் இருந்த இவனைப் பார்த்தாள். தள்ளிச் சுவரோரமாக நின்றுகொண்டிருந்த அவள் மருமகனைப் பார்த்தாள். இவன் அழுவான் என்று எப்போதும் தள்ளித்தான் நிற்பார் பாவம்.

“மீசை இருந்துச்சி. எடுத்துட்டாரு. இவளுக்கோசரம் எடுத்துட்டாரு” என்றாள்.

முனிரத்தினம் மாமா சட்டென்று, “அம்சவேணி, அத ஏன் இப்ப கெளப்பற? உடு” என்றார்.

“உடமாட்டேன்” என்றாள் அம்மா. சத்துணவுக் கூடத்துக் குரலில் அங்கேயே சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன், கேளுங்கள்.

அப்பா கடைசியாக லீவில் வந்தபோது எனக்கு ஆறு மாதம். இதேதான். வாசலில் பை, கையை நீட்டினார், நான் அலறினேன். ஒரு வாரம் பார்த்தார். ஒருநாள் காலையில் நேராக நாகப்பன் சலூனுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, “மீசைய எடு” என்றார். நாகப்பன் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். “ஐயோ, கோயிந்தன் மாமா எப்போ போனாரு?” என்று கேட்டான். கோவிந்தன் என்பது என் தாத்தா. அப்பாவுக்கு முகமெல்லாம் சோப்பு நுரை, வாயைத் திறந்தால் உள்ளே போகும். எடு, அப்புறம் சொல்கிறேன் என்று கையைக் காட்டினார். அவ்வளவுதான்.

அவர் வழித்துக்கொண்டு எழுந்து வருவதற்குள் செய்தி தெருவைத் தாண்டிவிட்டது. டீக்கடையில் பார்த்தார்கள், துளசிராமன் வெறும் உதட்டோடு போகிறான். தகப்பன் போய்விட்டான் போலிருக்கிறது! கடையைச் சாத்தினார்கள். ஒருவர் மாலை வாங்க ஓடினார், ஒருவர் மேளத்துக்கு ஆள் அனுப்பினார். பெண்கள் எல்லாம் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு, “என்னப் பெத்த மாமா!” என்று ஓலமிட்டபடி எங்கள் வீட்டுக்குள் நுழைகிறார்கள்.

தாத்தா வாசல்படியில் உட்கார்ந்து பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு கூழ் குடித்துக்கொண்டிருக்கிறார்.

ஒப்பாரி பாதியில் நின்றுபோயிற்றாம், அக்கா. தாத்தா சொம்பைக் கீழே வைத்துவிட்டு, பதறிப்போய், “யாரும்மா செத்தது?” என்று கேட்டாராம். முன்னால் நின்ற பொம்பளை விரித்த தலையை அள்ளி முடிந்துகொண்டாள். “நீதான் மாமா” என்றாளாம்.

சிரிக்கிறீர்களா? நானும் அங்கே சிரித்தேன். தூணைச் சுற்றி நின்ற மொத்த ஊரும் சிரித்தது. அந்தப் பொம்பளையே அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள், வயதாகிவிட்டது, “பின்ன இன்னா சொல்றது, கேட்டாரு, சொன்னேன்” என்றாள்.

தாத்தா சொம்பும் கையுமாக உள்ளே போய் மகனைப் பார்த்தார். மழுமழுவென்று மேலுதடு. “டேய், நான் உசுரோட கீறன்டா!” என்று கத்தி, கூழ்ச் சொம்பைத் தூக்கி வீசினார். அப்பா நகரவில்லை. கூழ் வழிகிற முகத்தோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறார், மடியில் நான். நான் அவர் மேலுதட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

“கத்தாத நைனா. பாப்பா சிரிக்கிறா” என்றாராம்.

தாத்தா வாசலுக்குத் திரும்பி வந்தார். வாங்கிவந்த மாலையை என்ன செய்வதென்று நின்றவர்களிடம், “கொண்டாந்துட்டீங்கல்ல, போடுங்க” என்று கழுத்தை நீட்டினார். அன்றைக்கு முழுக்க அந்த மாலையோடுதான் தெருவில் திரிந்தாராம். நான் காலேஜ் முடிக்கிறவரைக்கும் இருந்தார் மனுஷன்.

அப்பாதான் இல்லை. லீவு முடிந்து அதே வெறும் உதட்டோடு போனார். சண்டை ஆரம்பித்தது. லாரியில் கிழங்கு ஏற்றிக்கொண்டு போகும்போது பக்கத்தில் குண்டு விழுந்து, மலைப்பாதை சரிந்து, வண்டியோடு போய்விட்டார்.

அம்மா அதைச் சொல்லும்போது யாரும் சிரிக்கவில்லை. அவள் முனிரத்தினம் மாமாவைப் பார்த்தே சொன்னாள். “பெத்தவன் இருக்கச் சொல்லோ மீசைய எடுத்தான், அதான் போயிட்டான்னு சொன்னீங்க. எம்பொண்ணு ராசி சரியில்லன்னு சொன்னீங்க. அந்த லீவுல எடுத்த போட்டோவுக்கு, போட்டோக்கடைக்காரன்கிட்ட சொல்லி நீங்கதான் மையில மீசை வரைஞ்சி எடுத்தாந்தீங்க. நான் சரின்னு வாய மூடிக்கினேன், இவ காதுல எதுவும் வுழக் கூடாதுன்னு. இப்ப இவளுக்கே ஒரு புள்ள வந்தாச்சி. இன்னும் எத்தினி நாளைக்கி மூடிக்கினு இருக்கறது? காயிதத்துல இருந்தது போதும். கல்லுல வேணாம்.”

அத்தனை வருஷமாக நான் சல்யூட் அடித்தது மையில் வரைந்த மீசைக்கு, அக்கா! வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் போட்டோவைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஆமாம், இடதுபக்கத் தேள் கொஞ்சம் தடிமன்.

அது முதல் வேலை இல்லை, இரண்டாவது. முதல் வேலையாக இவன் அப்பாவின் ரேசரை எடுத்து அரிசி டிரம்மில் போட்டேன். ஷேவிங் கிரீமை மாட்டுக்கொட்டகையில் வைத்தேன். கத்தரிக்கோல்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு என் தலையணைக்குக் கீழே வைத்தேன். குழந்தை உள்ள வீடு பாருங்கள், கூர்மையான சாமான் வெளியே கிடக்கக் கூடாது.

“ஹேமா, ரேசர் எங்க?” என்றார்.

“எலி தூக்கிட்டுப் போயிருக்கும்.”

“எலி ஷேவ் பண்ணிக்குமா?”

“மிலிட்டரிக்காரர் வீட்டு எலி, பண்ணிக்கும்” என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. போய் அரிசி டிரம்மின் மூடியை இன்னும் இறுக்கி மூடினேன், உண்மையிலேயே எலி இருக்கலாம் இல்லையா?

மறுநாள் காலையில் அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். “மாப்ள, சட்டை போட்டுக்கினு வாங்க, நாகப்பன் கடைக்கிப் போலாம்” என்றாள். நாகப்பன் இப்போது இல்லை, அவர் மகன்தான் கடை வைத்திருக்கிறார். நான் வாசற்படியில் குறுக்கே நின்றுகொண்டேன்.

“அம்மா, வேண்டாம். நீயே சொன்ன இல்ல? அப்பா எடுத்தாரு, அப்புறம்...”

“அப்புறம் இன்னா? சொல்லு.”

நான் குனிந்து வாசற்படியில் கிடந்த செருப்புகளை வரிசையாக வைத்தேன். செருப்பு கோணலாகக் கிடந்தால் எனக்குப் பிடிக்காது.

“உங்கப்பா மீசைய எடுத்ததால சாவலடி. ரோடு சரிஞ்சி செத்தாரு. மீசையோட போயிருந்தாலும் அந்த ரோடு சரிஞ்சிதான் இருக்கும். ஆனா நீ அவர் மடியில ஒரு நாள்கூட உக்காந்திருக்க மாட்ட. அழுதுக்கினே அனுப்பியிருப்ப. அந்த ஒரு லீவுதான்டி உனக்குக் கெடச்சிது. இவனுக்குக் கெடச்ச லீவ மீசைக்கிக் குடுக்க எனக்கு மனசில்ல. தள்ளு.”

தள்ளி நின்றேன்.

ஆனால் அம்மா கெட்டிக்காரி. பழைய கூத்து திரும்ப நடக்கக் கூடாது என்று என் மாமனாரைப் பக்கத்து ஊரிலிருந்து வரவழைத்துவிட்டாள். “சம்பந்தி, நீங்க கடை வாசல்ல பெஞ்சியில உக்காருங்க. உசுரோட கீறீங்கன்னு நாலு பேரு பாக்கட்டும்” என்றாள். அவரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பேப்பரை விரித்து உட்கார்ந்து, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கையை ஆட்டி, “சௌக்கியமா? நான் நல்லா கீறேன், நான் நல்லா கீறேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எலெக்‌ஷனில் நிற்கிறாரா என்று இரண்டு பேர் கேட்டார்களாம்.

இவன் அப்பா மழித்துக்கொண்டு வந்தார். எனக்கே யாரோ மாதிரி இருந்தது. மூக்குக்குக் கீழே மட்டும் வெயில் படாத தோல், வெளுப்பாக. இவனுக்கு முன்னால் உட்கார்ந்தார். கையை நீட்டவில்லை, பயம். எல்லையில் நிற்கிறவருக்கு! இவன் புருவத்தைச் சுளித்தான். வாயைத் திறந்தான். சரி, அழப்போகிறான் என்று நான் எழுந்துவிட்டேன். தவழ்ந்து போய், அவர் சட்டையைப் பிடித்து எழுந்து நின்று, அந்த வெளுத்த உதட்டை ஒரு கிள்ளு கிள்ளினான். அப்புறம் சிரித்தான் பாருங்கள், இரண்டு பல்லும் தெரிய!

அதற்கப்புறம் லீவு முடிகிறவரைக்கும் என்னிடம் வரவே இல்லை, திருடன்.

சிலையா? அதுதானே கேட்டீர்கள். முனிரத்தினம் மாமா மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள் அவரே சிற்பியைக் கூட்டிவந்தார். சிற்பி ஒருபக்கமாக உளியை வைத்து, “நான் இதுவரைக்கும் மீசை வச்சிக் குடுத்துதான் பழக்கம்” என்று புலம்பிக்கொண்டே நண்டைச் செதுக்கி எடுத்தார். குழி விழுந்த இடத்தில் புது சிமென்ட் பூசி, மேலே பெயின்ட் அடித்தார். புது சிமென்ட் இல்லையா, பெயின்ட் ஒட்டாமல் அங்கே மட்டும் வெளுத்துவிட்டது. இன்னொரு கோட்டிங் அடிக்கட்டுமா என்றார்.

அம்மா கிட்டப்போய்ப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். “வேணாம். எடுத்த அன்னிக்கி அவருக்கும் இப்பிடித்தான் இருந்துச்சி” என்றாள்.

அப்படியே தூண் பக்கம் திரும்பி, அந்தக் கையகலக் காலி இடத்தைக் காட்டி, “இங்க இன்னாத்துக்கு எடம் உட்டு வச்சிக்கிறீங்க? ஒரு பூ செதுக்கு. முழுசா அடைக்கிற மாரிப் பெரிய பூவா” என்றாள். மாமாவே சாக்பீஸால் கல்லில் அளவு போட்டுக் கொடுத்தார். இப்போது அங்கே ஒரு தாமரை இருக்கிறது. நான் அந்தப் பக்கம் போனால் பார்க்கிறேன். வெயில் இப்போது கண்ணில் அடிப்பதில்லை, ஏதோ மரம் வளர்ந்திருக்கும்.

ஆயிற்று, பாலாற்றுப் பாலம் வந்துவிட்டது. டேய், ஆறு பார்டா. தண்ணீர் இல்லாவிட்டாலும் ஆறுதான்.

இந்தப் பையா? இவன் துணிமணிதான். அது எலுமிச்சம்பழம், மாரியம்மன் கோயிலில் கொடுத்தார்கள். அது சிஸ்டர் ஃபிலோமினா அனுப்பிய மாதா பதக்கம். அது தர்கா கயிறு, பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா கட்டிவிடச் சொன்னார்கள். எனக்கு எதிலும் நம்பிக்கை இல்லை, கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாதில்லையா?

எனக்கு இந்த நான்கு மாதமும் ஒரு பயமும் இல்லை. நியூஸ் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன், நேரமில்லை. இவனைப் பழக்குகிற வேலை வேறு. ஆமாம், தினமும் சாயங்காலம் கண்மையால் மூக்குக்குக் கீழே எனக்கு நானே மீசை வரைந்துகொண்டு இவன் முன்னால் உட்காருவேன். இந்தத் தடவை மீசையோடவே வாருங்கள், நான் பழக்கிவிடுகிறேன் என்று அவரிடம் போனில் சொல்லிவிட்டேன். எனக்கு மீசை இருந்தால் சிரிக்கிறான், அக்கா. கண்டக்டருக்கு இருந்தால் அழுகிறான். பழகினது போதவில்லை. பால்காரர் வந்தபோது ஒருநாள் அழிக்க மறந்து அப்படியே போய்க் கதவைத் திறந்துவிட்டேன், அவர் அதிலிருந்து பாலை வாசலிலேயே வைத்துவிட்டுப் போகிறார்.

நேற்று நாக்பூர் தாண்டினதிலிருந்து அவர் போன் போகவில்லை. சார்ஜ் இருக்காது. ரயிலில் ஒரு பிளக்குக்குப் பத்துப் பேர் சண்டை போடுவார்கள். நான் இருபது முப்பது தடவைதான் அடித்துப் பார்த்தேன்.

இறங்கலாம் அக்கா. பார்த்து, பார்த்து. நீங்கள் முன்னால் போங்கள், கூட்டத்தில் இவனை இடித்துவிடுவார்கள். எந்த பிளாட்பாரம் என்று போட்டிருக்கிறது? கண்ணாடி இல்லாமல் உங்களுக்குத் தெரியாதா? இருங்கள், நானே பார்க்கிறேன். எழுத்து ஆடுகிறது. இல்லை, போர்டு சரியாகத்தான் இருக்கிறது.

அதோ வருகிறது. சத்தத்துக்கு அழாதேடா, ரயில்டா, மீசை இல்லை அதற்கு. எஸ் மூன்று என்றார். இது எஸ் ஏழு, ஆறு... எல்லாரும் இறங்குகிறார்கள். பச்சைப் பை வைத்திருக்கிறவர் இல்லை. அவர் பின்னால் வருகிறவரும் இல்லை. ஏன் அக்கா யாருமே இறங்க மாட்டேன் என்கிறார்கள்? இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள், தெரிகிறது, நான் சொல்வது...

அக்கா.

அதோ. கதவுக்குப் பக்கத்தில், வாயைத் துண்டால் மூடிக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான். துண்டை எடுக்கிறார் பாருங்கள். அடப்பாவி மனுஷா! மீசையை எடுத்துவிட்டார் அக்கா! வளர்த்துக்கொண்டு வாருங்கள் என்று எவ்வளவு சொன்னேன்! ஓடுகிற ரயிலில் ஆடிக்கொண்டே வழித்திருக்கிறார், வெட்டுக்காயத்தில் பேப்பர்த் துண்டு வேறு ஒட்டியிருக்கிறது. மேலுதடு மட்டும் வெள்ளை வெளேர் என்று, அப்படியே அப்பா சிலை மாதிரியே...

அக்கா, இவனைக் கொஞ்சம் பிடியுங்கள். ஒரு நிமிஷம். இல்லை, இவன் அழ மாட்டான், நன்றாகப் பிடியுங்கள், நான் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். பயப்படாதீர்கள், உங்களுக்குத்தான் மீசை இல்லையே!